பாவுக் கோடா, ஊடைக் கோடா?

மொதல்லயே சொல்லிடறேன், இது பிரிண்டர் விமர்சனம் இல்ல. எந்தக் கம்பெனி மெஷின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். தப்புல முக்காவாசி என்னோடது. மீதி கால்வாசி எங்க ஊரோடது.

போன வருஷம் ஆடிக்கிருத்திகைக்கு அம்மா திருத்தணியில காவடி எடுத்துச்சு. மலைக்குப் படி 365. வருஷத்துக்கு எத்தினி நாளோ அத்தினி படி. பாதி ஏறினதும் அம்மா நின்னு மூச்சு வாங்கிச்சு, தம்பி அந்த நேரத்துல போன்ல ஒண்ணு தட்டினான். தோள்ல புஷ்பக் காவடி, மஞ்சப் புடவை, மெரூன் பார்டர், வேர்வையில கரைஞ்ச விபூதி. பின்னாடி படி முழுக்க மஞ்சத் துணி. அம்மா சிரிக்கல. ஆனா சிரிக்கப் போவுதுன்னு தெரியுது. அந்த மாதிரி படம் பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் அமையும்.

இந்த வருஷக் கிருத்திகைக்குள்ள அதை ஏ4 சைஸ்ல போட்டு, ஃப்ரேம் பண்ணி, கூடத்துல மாட்டணும்னு ஆசை. ஸ்டுடியோவுல குடுத்தா ஒரு மணி நேர வேலை. ஆனா வீட்டுல ஆறு கலர் டேங்க் பிரிண்டர் ஒண்ணு இருக்கே! (பசங்க புராஜக்ட்டுக்குன்னு வாங்கினது. வாங்கும்போது எல்லாரும் சொல்ற பொய்தான் இது.) எதுக்கு வெளிய குடுக்கணும்?

இதுக்கு அப்புறம் பதினோரு நாள் போச்சு.

மொதல்ல 6க்கு 4ல ஒண்ணு டெஸ்ட்டுக்குப் போட்டேன். வெளிய வந்ததைப் பாத்துட்டு தம்பி கேட்டான், "அம்மாவுக்கு எப்பக்கா மஞ்சக்காமாலை வந்துச்சு?"

மஞ்சக்கூட இல்ல, பச்சை. மூஞ்சி, கழுத்து, காவடியைப் பிடிச்ச கை எல்லாமே பாசி பிடிச்ச மாதிரி. வேடிக்கை என்னன்னா, மெரூன் பார்டர் அப்படியே மெரூன். தலைமுடி நல்ல கறுப்பு. வெளிர் நிறம் எங்க இருக்கோ அங்க மட்டும்தான் கோளாறு. அதே எடத்துல மெல்லிசா கோடு கோடா வேற. போதாததுக்கு படம் முழுக்க அங்கங்க வெள்ளைப் புள்ளி, யாரோ ரவையைத் தூவின மாதிரி.

ஆக மூணு வியாதி. நான் மூணுக்கும் ஒரே மருந்து குடுத்தேன். ஹெட் கிளீனிங்.

இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பட்டனைத் தட்டினா மெஷின் 'கிர்ர்ர்'னு ஏதோ பண்ணும். நாமளும் ஏதோ நல்லது நடக்குதுன்னு நெனைச்சுக்குவோம். உள்ள நடக்குறது இதுதான்: இங்க்கைச் சொட்டுற துளைங்க இருக்கிற ஹெட்டுக்கு அடியில ரப்பர் மூடி ஒண்ணு வந்து ஒட்டிக்கும், பம்ப் ஒண்ணு கீழ இருந்து இங்க்கை உறிஞ்சும். அடைச்சுக்கிட்ட துளை அந்த இழுப்புல தொறக்கணும். உறிஞ்சின இங்க்கெல்லாம் மெஷினுக்கு அடியில இருக்கிற ஸ்பாஞ்சுக்குப் போயிடும். அந்த ஸ்பாஞ்சும் ஒரு நாள் ரொம்பும். ரொம்பினா மெஷின் ஸ்ட்ரைக் பண்ணும். நான் ஒரே சாயங்காலத்துல ஏழு தடவை தட்டினேன். டேங்க்ல இங்க்கு எறங்குறது கண்ணுக்கே தெரிஞ்சுது. காசை ஸ்பாஞ்சுக்கு ஊத்திக் குடுத்துட்டு இருந்தேன்.

கோடு மட்டும் போகல. கொஞ்சம் அதிகமாக்கூட ஆச்சு.

(சும்மா சும்மா கிளீனிங் போட்டா நடுவுல காத்து பூந்துக்கும். மூணு தடவைக்கு மேல தட்டாம, ஒரு ராத்திரி மெஷினைத் தொந்தரவு பண்ணாம விட்டுட்டு, மறுநாள் பாக்கணும். மெஷினோட வந்த புக்லயே இருக்கு. புக் அட்டைப்பெட்டியில இருக்கு. அட்டைப்பெட்டி பரண்ல இருக்கு.)

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். பின்கோடு கேட்டாங்க, சொன்னேன். "மேடம், ஆந்திராவா தமிழ்நாடா?" எனக்கு வந்த கோவத்துக்கு, ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டத்துல ஆரம்பிச்சு, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோட சேந்து எங்க ஊரும் ஆந்திராவுல இருந்து இந்தப் பக்கம் வந்த கதை வரைக்கும் சொல்லியிருப்பேன். சொல்லல. "தமிழ்நாடு"ன்னேன். "ஹெட் கிளீனிங் பண்ணிப் பாருங்க மேடம்"னாங்க.

அப்புறம் வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். இங்கதான் பெரிய தப்பு நடந்துச்சு.

போட்டோவைக் கையில வெச்சுப் பாத்தா கோடு மேல இருந்து கீழ நிக்குது. சரின்னு 'நெட்டுக் கோடு'ன்னு தேடினேன். நெட்டுக் கோடுன்னா ஹெட் ஓடுற தடத்துல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாடா இருக்கும், அதுல அழுக்கு, அதைத் தொடைங்கன்னு வந்துச்சு. அந்த நாடாவுல மயிரிழை மாதிரி நெருக்கி நெருக்கிக் கோடு இருக்கும். அதை எண்ணித்தான் தான் எங்க இருக்கோம்னு ஹெட் தெரிஞ்சுக்கும். தொடைச்சேன். தொடைக்கிற ஜோர்ல நாடாவை அதோட கொக்கியில இருந்து கழட்டி விட்டுட்டேன் போல. மெஷினைப் போட்டதும் ஹெட் குருட்டாம்போக்குல ஓடிப்போய் சுவத்துல 'டொம்'முனு முட்டுச்சு. லைட்டெல்லாம் மாறி மாறி மின்னுது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

நாடாவை மறுபடி கொக்கியில மாட்ட ஒன்றரை மணி நேரம். மாட்டினதும் மெஷின் ஓடுச்சு. கோடும் அப்படியே இருந்துச்சு.

அடுத்ததா ஊசியை எடுத்தேன். மருந்துக் கடையில வாங்கின சிரிஞ்சு. துளைக்குள்ள தண்ணி அடிக்கலாம்னு.

(இங்க் ஜெட்டுக்கும் ஊசிக்கும் ஒரு பழைய உறவு இருக்கு. 1977ல ஜப்பான்ல கேனன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல, சூடா இருந்த சால்டரிங் அயர்ன் தெரியாத்தனமா இங்க் இருந்த ஊசி மேல பட்டுச்சாம். பட்டதும் ஊசி முனையில இருந்து இங்க்கு பீச்சிச்சு. சூட்டுல குமிழி வந்து இங்க்கைத் தள்ளுது, அதையே மெஷினாக்கலாமேன்னு தோணினதுதான் பபிள் ஜெட். எப்சன்காரங்க வழி வேற. அதுல சூடே இல்ல. கரண்ட் குடுத்தா லேசா நெளியிற ஒரு பொருள் துளைக்குப் பின்னால இருக்கும். அது நெளியும்போது சொட்டு வெளிய வரும். சூடு பண்ற வகையில ஹெட்டு சீக்கிரம் தேயும், ஆனா பல மாடல்ல நாமளே மாத்திக்கலாம். நெளியிற வகையில ஹெட்டு ரொம்ப நாள் வரும், போச்சுன்னா செலவு பயங்கரம்.)

என் மெஷின் நெளியிற வகை. அதுல போய் ஊசியால தண்ணி அடிக்கப் போனேன். கலருக்கு 90 துளை, ஆறு கலருக்கு 540. அதுல இருந்து விழுற சின்னச் சொட்டு ஒன்றரை பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காப் போட்டா ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். அவ்ளோ சின்ன துளையில நான் கட்டை வெரல் பலத்தைக் காட்டப் போனேன், அதுவும் போர் தண்ணியில! எங்க ஊரு போர் தண்ணி காய்ஞ்சா குடத்துல வெள்ளையாப் படியும். துளையில படிஞ்சிருந்தா ஹெட்டுக்குக் காரியம் பண்ணியிருக்க வேண்டியதுதான்.

என்னைக் காப்பாத்தினது மின்வெட்டு.

ஊசியும் கையுமா இருக்கும்போது கரண்ட் போச்சு. பொதட்டூர்பேட்டையில கரண்ட் போனா லைட்டு அணையறது ரெண்டாவதுதான். மொதல்ல சத்தம் நிக்கும். தெரு முழுக்க ஓடிட்டு இருந்த விசைத்தறிங்க ஒரே நேரத்துல நின்னுடும். காதுக்குள்ள 'ங்ங்'னு ஒரு அமைதி. வெளியூர்க்காரங்க அதை நல்லாருக்குன்னு சொல்வாங்க. எங்களுக்கு அது வயித்தைப் பிசையும். தறி நின்னதும் எல்லாரும் வாசலுக்கு வருவாங்க. பக்கத்து வீட்டுல இருந்து பெரியப்பா வந்தாரு. லுங்கித் தறி ஓட்டுறவரு, நாப்பது வருஷத்துக்கு மேல.

"இன்னா பாப்பா, மெஷினுக்கு ஊசி போடறியா?"

நான் பேசாம போட்டோவை நீட்டினேன். அவரு அதை வாங்கின விதம் இருக்கே. மூஞ்சியைப் பாக்கல, நேரா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் கண்ணு மட்டத்துல சாச்சுப் பிடிச்சாரு, கடைக்காரங்க துணியில குறை பாப்பாங்களே அந்த மாதிரி.

"இது எந்தப் பக்கமா எறங்குச்சு?"

"எது?"

"பேப்பரு. மெஷின்ல இருந்து எந்தப் பக்கம் மொதல்ல வந்துச்சு?"

யோசிச்சேன். படம் அகலவாக்குல எடுத்தது. ஆனா பேப்பர் குட்டைப் பக்கமாத்தான் உள்ள போவுது, குட்டைப் பக்கமாத்தான் வெளிய வருது. காட்டினேன். அவரு போட்டோவை வந்த வாக்குலயே திருப்பிப் பிடிச்சாரு. நின்னுட்டு இருந்த கோடெல்லாம் படுத்துடுச்சு.

"அப்போ இது பாவுக் கோடு இல்ல பாப்பா. ஊடைக் கோடு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல.

தறி தெரியாதவங்களுக்கு: துணியில நெட்டுவாக்குல போற இழை பாவு. குறுக்குவாக்குல நாடாவுக்குள்ள இருக்கிற தாரு விட்டுட்டுப் போற இழை ஊடை. (தறியில நாடான்னா ரிப்பன் இல்ல, இப்படியும் அப்படியும் பறக்குமே அந்தக் கட்டை.) துணி உருளை மேல சுத்திக்கிட்டே நகரும், நாடா குறுக்க ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப பிரிண்டரைப் பாருங்க. பேப்பர் உருளையில நகருது. ஹெட்டு குறுக்க ஓடுது. அதே தறிதான்! நெய்யறதுக்கு நூலுக்குப் பதிலா இங்க்கு. துணியில நெட்டுக்கும் கோடு விழுந்தா பாவுல ஏதோ அறுந்திருக்கு. குறுக்க விழுந்தா ஊடையில கோளாறு, தாரு தீந்திருக்கும், இல்ல நாடா தடுமாறியிருக்கும். எந்தப் பக்கக் கோடுன்னு பாக்காம எவனும் தறியில கை வெக்க மாட்டான்.

நான் ஒரு வாரமா அதைப் பாக்காமதான் கை வெச்சிட்டு இருந்தேன். கையில படத்தை நிமித்திப் பிடிச்சு, நெட்டுக் கோடுன்னு முடிவு பண்ணி, தப்பான வியாதிக்கு வைத்தியம் பாத்துட்டேன்.

அதனால உங்களுக்கும் கோடு வந்தா, படத்தைப் படமாப் பாக்காதீங்க. பேப்பர் வந்த வாக்குல பிடிங்க. ஹெட்டு ஓடுற குறுக்குவாக்குல மெல்லிசா கோடு இருந்தா துளை அடைப்பு, இல்லன்னா பேப்பர் வகையைத் தப்பாச் சொல்லிட்டு ஓட்டியிருக்கீங்க. பேப்பர் நகர்ற வாக்குல பட்டை பட்டையா இருந்தா அந்தப் பிளாஸ்டிக் நாடாவுல அழுக்கு. அதே வாக்குல புள்ளிப் புள்ளியா தடம் விழுந்திருந்தா, பேப்பரைப் பிடிக்கிற பல்லு உருளையோட வேலை. எழுத்து ரெட்டையாத் தெரிஞ்சா, ஹெட்டு போம்போதும் வரும்போதும் ஒரே எடத்துல சொட்டு போடல, அலைன்மென்ட் போடணும்.

சரி, ஊடைக் கோடு. எந்தத் துளை?

கரண்ட் வந்ததும், எந்தத் துளை அடைச்சிருக்குன்னு காட்டுற நாஸில் செக் அடிச்சேன். (இதை நான் மொத நாளே அடிச்சிருக்கணும். ஒரு பேப்பர், ஒரு நிமிஷம். யாரும் அடிக்க மாட்டாங்க.) கறுப்பு, நீலம், மெஜெண்டா எல்லாம் முழுசா இருந்துச்சு. வெளிர் மெஜெண்டா மட்டும் பல்லு விழுந்த கிழவி மாதிரி. அப்பதான் பச்சைக்கும் பதில் கெடைச்சுது. நம்ம தோல் நிறத்தோட வெளிச்சமான பகுதியை ஆறு கலர் மெஷின் பெரும்பாலும் மஞ்சளையும் வெளிர் மெஜெண்டாவையும் வெச்சுத்தான் போடும். செவப்புச் சாயல் கொறைஞ்சா மூஞ்சி பச்சையாத்தான் போவும். மெரூன் பார்டருக்கு அடர் மெஜெண்டா, அது நல்லாருக்கு. தலைமுடிக்குக் கறுப்பு, அதுவும் நல்லாருக்கு. கோடும் பச்சையும் ஒரே வியாதிதான்.

(மஞ்சக் கலர் நாஸில் செக் வெள்ளைப் பேப்பர்ல கண்ணுக்கே தெரியாது. நீல ஜெலட்டின் பேப்பர் வழியாப் பாருங்க, மஞ்சக் கோடெல்லாம் கறுப்பாத் தெரியும்.)

அடைப்புன்னு தெரிஞ்சுது. ஏழு தடவை உறிஞ்சியும் ஏன் போகல? டார்ச் அடிச்சு, ஹெட்டு ஒதுங்குற மூலையைப் பாத்தேன். ரப்பர் மூடியோட விளிம்புல ஒரு பஞ்சு இழை. ஊதினாப் பறக்குற அளவுதான். ஆனா மூடி ஒட்டாம இருக்க அது போதும். மூடி ஒட்டலன்னா உறிஞ்சறப்ப காத்துதான் வரும். அது மட்டுமா, மத்த நேரத்துல மூடிக்குள்ள ஈரமா இருக்க வேண்டிய துளைங்க காஞ்சு போவும். கிளீனிங் போடப் போட வெறும் காத்தைக் குடிச்சிட்டு இருந்திருக்கு.

பஞ்சு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறீங்களா? எங்க ஊருல எல்லாத்துலயும் பஞ்சு இருக்கும். ஃபேன் றெக்கையில, சாமி படத்துல, சோத்துல. சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி ஓடுது. ஜன்னலைத் தொறந்தா பறந்து வரும். இதுல பாசமா ஒரு காரியம் வேற பண்ணியிருந்தேன், பிரிண்டர் மேல தூசி விழக்கூடாதுன்னு பெரியப்பா தறியில ஓட்டின புது லுங்கியைப் போத்தி வெச்சிருந்தேன்! தூசிக்குத் தூசியையே காவல் வெச்ச மாதிரி. சுத்தம் பண்ண காது குடையற பட்ஸை எடுத்தேன், அப்புறம் அதோட நுனியும் பஞ்சுதானேன்னு வெச்சுட்டேன். மூக்குக்கண்ணாடி தொடைக்கிற வழவழத் துணியை பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு, விளிம்பை மட்டும் மெதுவா ஒத்தி எடுத்தேன். அன்னைக்கு ஒண்ணும் பண்ணல. மறுநாள் காலையில ரெண்டே ரெண்டு கிளீனிங். கெழவிக்குப் பல்லு மொளைச்சிடுச்சு.

இன்னொரு குற்றவாளியும் வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. அம்மா. ராத்திரி படுக்கப் போம்போது வீட்டுல இருக்கிற எல்லா சுவிட்சையும் அணைக்கும், 'கரண்ட்டு பில்லு ஏறும்'னு. பிரிண்டரை அதோட சொந்தப் பட்டன்ல அணைச்சாத்தான் ஹெட்டு ஒழுங்கா மூலைக்குப் போய் மூடிக்குள்ள உக்காரும். ஓடிட்டு இருக்கும்போது சுவத்து சுவிட்சை அணைச்சா நட்டநடுவுல நின்னுடும், வாயைத் தொறந்துக்கிட்டு. சித்திரை வெயில்ல ரெண்டு நாள் அப்படி நின்னா இங்க்கு காயாம என்ன பண்ணும்? மின்வெட்டுக்கும் இதே கதி. அதனால கரண்ட் வந்த உடனே ஒரு தடவை மெஷினைப் போட்டு, அதோட பட்டன்லயே அணைச்சுடுங்க.

வெள்ளைப் புள்ளிக்கும் இதே பஞ்சுதான் காரணம்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. பேப்பர் மேல பஞ்சு உக்காந்திருக்கும், இங்க்கு அது மேல விழும், காஞ்சதும் பஞ்சு உதிரும், கீழ வெள்ளை. சந்தேகம்னா ஒரே படத்தை ரெண்டு தடவை போடுங்க. புள்ளி அதே எடத்துல இருந்தா படத்துலயே இருக்கு. எடம் மாறினா பேப்பர்ல இருக்கு. எனக்கு மாறிச்சு. இப்ப பேப்பரை ஜிப் கவர்லயே வெக்கிறேன். எடுத்ததும் ரெண்டு தட்டு. லுங்கி போய் பிளாஸ்டிக் கவர் வந்தாச்சு.

இதுக்கு நடுவுல ஒரு தடவை பேப்பரைத் திருப்பி வெச்சு, பின்பக்கத்துல அடிச்சு, இங்க்கு குளம் கட்டி, கையெல்லாம் அப்பிக்கிட்ட கதை இருக்கு. அதை விரிவா சொல்ல மானம் இடம் குடுக்கல. வெரலை லேசா ஈரம் பண்ணி ஓரத்துல தொடுங்க. ஒட்டுற பக்கம்தான் அடிக்கிற பக்கம்.

நிறம் சரியானதும் படம் இருட்டா வந்துச்சு. அதுக்குக் காரணம் போன். வெளிச்சத்தை முழுசா ஏத்தி வெச்சுப் பாத்துட்டு, பேப்பரும் அப்படியே மின்னணும்னா எப்படி? பேப்பருக்குள்ள பல்பு இல்ல. போன் வெளிச்சத்தைப் பாதிக்குக் கொறைச்சு வெச்சு, அதுல கண்ணுக்கு நல்லாத் தெரியிற அளவு படத்தைத் தூக்கினேன். சரியா வந்துச்சு.

எல்லாம் சரியாகி ஏ4ல போட்டா, படிக்கட்டு மொழு மொழுன்னு பிசின் தடவின மாதிரி. தம்பி வாட்ஸ்அப்ல அனுப்பின படம். நீளத்துல 1600 புள்ளிதான் இருந்துச்சு. ஏ4 நீளம் 11.7 அங்குலம், அங்குலத்துக்கு 137 புள்ளிகூட தேறாது. 300 இருந்தாத்தான் கிட்ட வெச்சுப் பாக்க நல்லாருக்கும், அதுக்கு 3500 வேணும். போன்ல இருக்கிற ஒரிஜினலை டாக்குமென்டா அனுப்புடான்னேன். "அதை மொதல்லயே கேட்டிருக்கலாமேக்கா"ன்னான். அவனை ஒண்ணும் சொல்லல. தம்பியாச்சேன்னு விட்டுட்டேன்.

கடைசிப் பிரிண்ட் வந்தன்னைக்கும் கரண்ட் இல்ல. (போட்டு முடிச்சு பத்து நிமிஷத்துல போச்சு, முருகன் புண்ணியம்.) பெரியப்பா வந்து வாசல்ல சாச்சுப் பிடிச்சுப் பாத்தாரு. குறுக்க பாத்தாரு, நெட்டுக்கப் பாத்தாரு. "தேறும்"னாரு. இந்த ஊருல அது பெரிய பட்டம்.

அடுத்த கவலை அவருக்குத்தான் வந்துச்சு. "சாயம் நிக்குமா?" நெசவுக்காரங்க கேக்குற மொதக் கேள்வியே அதான். என் மெஷின்ல இருக்கிறது டை இங்க்கு, துணிச் சாயம் மாதிரிதான். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, காத்துல இருக்கிற ஓசோன்கூட ஆகாது. டீக்கடையில வெயில் படுற சுவத்துல மாட்டின காலண்டரைப் பாத்திருக்கீங்களா? மஞ்சளும் செவப்பும் மொதல்ல வெளுத்துப்போய் முருகன் நீலமா நிப்பாரு. மருமகன் மாமா ஆயிடுவாரு. 80கள்ல எடுத்த கல்யாண ஆல்பத்துக்கு நேர்மாறு, நீலம் போய் எல்லாரும் செவப்பாயிடுவாங்க. பீரோவுக்குள்ளயே வெச்சிருந்தாலும் அப்படித்தான். அதனால அம்மா படத்தை பூஜை அறையில மாட்டல. வெளக்குப் புகை, கற்பூரம், அது வேற கணக்கு. கூடத்துல, வெயில் படாத சுவத்துல, கண்ணாடி போட்டு.

அடிச்ச உடனே கண்ணாடிக்குள்ள போட்டா இங்க்குல இருக்கிற ஈரம் கெளம்பி, உள்பக்கம் பனி மாதிரி படியும். ஒரு நாள் முழுக்க மேல வெள்ளைப் பேப்பரைப் போட்டு வெச்சேன். அப்புறம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவைத் தாப்பா போட்டு, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆக்கி, வேர்த்து விறுவிறுக்க ஃப்ரேம் போட்டேன். ஆணி அடிச்சு மாட்டியாச்சு.

அம்மா வந்து பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் கண்ணாடி மேல வெரலை வெச்சு, தோள்பட்டைகிட்ட எதையோ தட்டி விடப் பாத்துச்சு. தட்டினது போகல.

கிட்டப் போய்ப் பாத்தேன். காவடிக்கு ரெண்டு அங்குலம் கீழ, கண்ணாடிக்கு உள்பக்கமா, வளைஞ்சு ஒரு பஞ்சு இழை.

அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். மறுபடி அந்த ஆணியெல்லாம் புடுங்க எனக்குத் தெம்பில்ல.